தொப்பூர் இறக்கமும் எங்கள் பழைய குவாலிஸும்



தர்மபுரி மாவட்டத்தை இதுவரை கண்டிராதவர்களுக்காக அதன் நில அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 அடி உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்திருக்கிறது. தெற்கே அறுபது, எழுபது கிலோ மீட்டர் தொலைவிலுள்ள சேலம் அதைவிட அறுநூறு அடி தாழ்ந்தது. மேற்கே காவிரி விழுந்தோடும் ஒகேனக்கல்லும் தாழ்ந்த பிரதேசமே. ஆகவே எங்கள் ஊரிலிருந்து சேலத்திற்குப் புறப்பட்டாலும், ஒகேனக்கல்லுக்குப் புறப்பட்டாலும் மலைச்சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டும். திரும்பும்போது ஏறித்தான் ஆகவேண்டும்.

இந்த மண் ஒரு காலத்தில் பாரமகால் என்ற பெயரால் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்த 1790-ஆம் ஆண்டில், பின்தொடர்ந்து வந்த ஆங்கிலத் தளபதி மெடோஸுக்கு அகப்படாமல் திப்புவின் படை தொப்பூர்க் கணவாயைக் கடந்து சென்றது. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அன்று படைகள் கடந்த கணவாயில் இன்று காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. பார வண்டிகளும் பேருந்துகளும் குடும்பங்களைச் சுமந்த சிறு வாகனங்களும் இரவு பகலாக அதில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் எங்கள் டி.என். 29 பதிவெண் கொண்ட குவாலிஸ்.

இந்த வாகனத்தின் பூர்வீகம் நம்மில் பலரும் அறியாதது. வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பிய சகோதரர்கள் அங்கே கண்ட டொயோட்டா வேன்களைப் பற்றி வியந்து பேசுவதுண்டு. ஆனால் அப்படியொன்றைப் பழையதாக வாங்கி இங்கே கொண்டுவருவது எளிதன்று. பழைய வாகனமாயின் அது மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும், சுக்கான் வலப்பக்கம் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும் என்பது நமது நாட்டின் இறக்குமதி விதி. வளைகுடா வண்டிகளுக்கோ சுக்கான் இடப்பக்கம். இவற்றுக்கு மேல் கடுமையான சுங்கவரியும் உண்டு. எனவே வண்டி கப்பலேறி வரவில்லை. அதன் அமைப்புதான் வந்தது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடான இந்தோனேசியாவில் 1977 முதல் ‘கிஜாங்’ என்ற பெயரில் டொயோட்டா வண்டிகள் உருவாயின. அம்மொழியில் அது ஒருவகை மானின் பெயர். பெரிய குடும்பம் ஒன்றாக ஏறிச் செல்லவும், கரடுமுரடான சாலையைத் தாங்கவும், எளிய பட்டறையிலேயே பழுது பார்க்கவும் ஏற்றவாறு அமைந்த வண்டி அது. அதன் ஒரு தலைமுறையை அடிப்படையாகக் கொண்டு, பெங்களூரை அடுத்த பிடதி தொழிற்சாலையில் 2000-ஆம் ஆண்டு முதல் தயாரானதே குவாலிஸ். 2005-இல் இன்னோவா வந்ததும் அதன் தயாரிப்பு நின்றது. ஆகவே இன்று நீங்கள் காணும் எந்தக் குவாலிஸும் இருபது வயதைக் கடந்ததே ஆகும்.

எங்கள் அத்தா இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார்கள். 2,446 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இது. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் மெக்கானிக் பாய் இதன் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். கரும்புகை வந்தால் இஞ்செக்டரைப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் எஞ்சினுக்குள் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையென்றால் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. சேலத்தில் இல்லாதது பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கிடைத்துவிடும்.

இனி என்னுடன் மேற்கு நோக்கி வாருங்கள். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோ மீட்டர். பென்னாகரம் வரையில் சாதாரணச் சாலை. அதற்கப்பால் காடும் வளைவுகளும் தொடங்குகின்றன. கோடையில் யானைகள் நீர் தேடிச் சாலையைக் கடக்கும் வனம் அது. கீழே இறங்கியதும் கருத்த பாறைகளுக்கிடையே காவிரி பல கிளைகளாய் விழுந்து, புகைபோல நீர்த்திவலைகளை எழுப்புகிறது. ‘புகையும் பாறை’ என்பதே ஒகேனக்கல் என்னும் கன்னடச் சொல்லின் பொருள். பிள்ளைகள் பரிசலில் செல்ல ஆசைப்படுவார்கள். பெரியவர்கள் பொரித்த மீனுக்கு ஆசைப்படுவார்கள். வண்டிக்குப் பொறுப்பானவரின் சிந்தனையோ மாலையில் ஏறவேண்டிய ஏற்றத்தின் மீதுதான் இருக்கும்.

ஏற்றத்தில் வாகனத்தைச் சோதிப்பது வெப்பம். இங்கே எங்கள் மாவட்டத்தின் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளும், எலும்பு வளைந்து மூட்டுவலியால் துன்புற்ற முதியோரும் எங்கள் கிராமங்களில் ஏராளம். இத்துன்பத்தைப் போக்கவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதனுக்கு ஆகாத அந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வண்டிக்கும் ஆகாது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள், கெட்டிலின் அடியில் படிவதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. சமவெளியில் ஓடும்வரை அது தெரிவதில்லை. பென்னாகரம் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழு பாரத்துடன் ஏறும்போதுதான் வெப்பமானியின் முள் மேலே எழும்புகிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் எரியும். சில சமயம் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் கலந்து ஊற்றும் சிறு செலவு அந்தப் பெருஞ்செலவைத் தடுக்கிறது. வழியில் முள் ஏறினால் குளிர்சாதனத்தை அணைத்து, வண்டியை ஓரம் நிறுத்துங்கள். எஞ்சின் ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ஏற்றத்தின் சோதனை இப்படி என்றால், இறக்கத்தின் சோதனை உயிரையே கேட்கக்கூடியது. தர்மபுரியிலிருந்து தெற்கே சென்று பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் தொப்பூர் இறக்கம் தொடங்கும். இருபுறமும் மலை, அகன்ற, வழவழப்பான சாலை. ஓட்டுபவரை ஏமாற்றுவது அந்த வழவழப்புதான். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி நெரிசலில் நின்றிருந்த பல வாகனங்களின் மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியிலும் அதே சாலையில் லாரிகளும் காரும் மோதித் தீப்பற்றி நான்கு உயிர்கள் பறிபோயின. இரட்டைப் பாலம் என்ற இடத்தின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை.

இந்த இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குவோர் உண்டு. எஞ்சினையே அணைத்துவிடுவோரும் உண்டு. இது எத்தகைய ஆபத்து என்பதைச் சற்று விளக்க வேண்டும். நாம் காலால் மிதிக்கும் பிரேக்கிற்கு வலிமை சேர்ப்பது ஒரு வெற்றிடப் பெட்டி. பெட்ரோல் வண்டியில் அந்த வெற்றிடம் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது தானே உண்டாகிறது. டீசல் எஞ்சினில் அவ்வாறு உண்டாவதில்லை. அதற்கெனத் தனியே ஒரு பம்ப் தேவை. குவாலிஸில் அது டைனமோவுடன் சேர்ந்து, எஞ்சின் சுழலும்போது சுழல்கிறது. எஞ்சினை அணைத்தால் பம்ப்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

நியூட்ரலில் இறங்கினாலோ வண்டியின் முழுப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்குகிறது. தொடர்ந்து மிதிக்க மிதிக்க முன்சக்கரத் தட்டும் பின்சக்கர டிரம்மும் பழுக்கச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் பழையதாயின் ஆபத்து இரட்டிப்பாகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழ்களாகிவிட்டால், பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முற்றிலும் மாற்றிவிடுவதே முறை.

எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு மாறிவிட வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். அது ஆற அவகாசம் கிடைக்கும்.

வெளியே தெரியாத இன்னொரு பொருள் டைமிங் பெல்ட். எஞ்சினின் கீழ்ச் சுழற்சியையும் மேலுள்ள வால்வுகளையும் இணைக்கும் பற்களுள்ள ரப்பர் வார் அது. சுமார் ஒரு லட்சம் கிலோ மீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அறுந்தால் எஞ்சின் அந்தக் கணமே நின்றுவிடும். வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பழைய வண்டியை வாங்குவோர் வர்ணத்தையும் சீட் உறையையும் பார்க்கிறார்கள். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்போர் சிலரே.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒரு சங்கதி. சில ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் எங்கள் உறவில் ஒரு நிக்காஹ். குவாலிஸில் பத்துப் பேர் அமரலாம். வாசலில் வந்து நின்றவர்களோ பதினான்கு பேர். “சேலம் என்ன, ஒரு மணி நேரம்தானே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம்” என்றார் மூத்த மாமு. பெரியவர் சொல்லை மறுப்பது எங்கள் வழக்கமன்று. எனினும் சாவியை நான் கொடுக்கவில்லை. “மாமு, நாம் இறங்கப்போவது தொப்பூரில். பாரம் கூடினால் பிரேக்கின் வேலையும் கூடும். நான்கு பேர் பஸ்ஸில் வரட்டும், அவர்களில் ஒருவனாக நானும் வருகிறேன்” என்றேன். மாமு அன்று முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தியிலும் தள்ளியே அமர்ந்தார். அது எனக்கு வருத்தமே. ஆனால் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்தவை. அங்கே நெருக்கியடித்து அமர்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வண்டி மோதினால் முதலில் தூக்கியெறியப்படுபவர்கள் அவர்களே. ஒருநாள் மனஸ்தாபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நான் துணிந்ததற்கு அதுவே காரணம்.

வாசகர்களே! பழைய வண்டியை வைத்திருப்பது சிக்கனம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சிக்கனம்தான், ஆனால் இலவசமன்று. பதினைந்து ஆண்டுகள் கடந்த வாகனத்தைச் சோதனைக்குக் காட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த காரின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த விதியின்படி இருபது ஆண்டுகள் கடந்த கார்களுக்கு அது 10,000. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிக்கோ 80,000. இத்துடன் பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவையும் உண்டு. இவற்றைச் செலுத்திய பிறகு பராமரிப்புக்குப் பணமில்லை என்று கைவிரிப்பவர் வண்டியைக் கொடுத்துவிடுவதே மேல்.

எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, பிரேக் ஷூ மாற்றிய கிலோ மீட்டர், கூலன்ட், பெல்ட், கமான் பட்டை எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. அடிச்சட்டத்தில் துரு ஏறி, வெல்டிங்கும் தாங்காது என்று மெக்கானிக் பாய் சொல்லும் நாளில், பாசத்தை ஒதுக்கிவிட்டு வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவது என்றும் அதில் எழுதி வைத்திருக்கிறோம். எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்பது அப்போது வாதமாகாது.

பிரயாண துஆவை ஓதிவிட்டு வண்டியில் ஏறும் சமுதாயம் நாம். ஏறி அமர்பவர்கள் தங்கள் உயிரை ஓட்டுபவரிடம் அமானிதமாக ஒப்படைக்கிறார்கள். பின்னிருக்கையில் தூங்கும் குழந்தைக்குப் பிரேக் ஆயிலின் வயது தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் நாமே. உங்களிடம் குவாலிஸோ, சுமோவோ, வேறெந்தப் பழைய டீசல் வண்டியோ இருக்குமானால், அடுத்த பிரயாணத்திற்கு முன் பட்டறைக்குக் கொண்டு சென்று இந்த மூன்றைக் கேளுங்கள்: பிரேக் ஆயில் எப்போது மாற்றியது? ரேடியேட்டரில் இருப்பது எந்தத் தண்ணீர்? டைமிங் பெல்ட் எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு குடும்பத்துடன் எங்கள் மாவட்டத்திற்கு வாருங்கள். ஒகேனக்கல்லின் நீர்ப்புகையைக் கண்டு மகிழுங்கள். தொப்பூரில் மட்டும் மூன்றாவது கியரில், மெதுவாக இறங்குங்கள்.