ஷியா மரத்தில் யாருக்கு உரிமை?

வடக்கு கானாவில் தமாலே நகரைத் தாண்டியதும் வயல் நெடுக ஷியா மரங்கள். யாரும் நட்டவை அல்ல. மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் காட்டைத் திருத்தியபோது வெட்டாமல் விட்டவை. நம் இலுப்பையின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காய்க்கத் தொடங்க 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால் நட்டு வளர்ப்பவர் குறைவு. வளங்குன்றா வேளாண்மை பற்றிய முதுகலை ஆய்வுக்காக நான் தேடிப் போனது இந்த மரத்தை நம்பி வாழும் தகோம்பா இனப் பெண்களை.

ஏறக்குறைய மே முதல் ஆகஸ்டு வரை பழம் உதிரும். விடியுமுன்பே தலையில் பேசினோடு கிளம்பிவிடுகிறார்கள். புல்லுக்குள் பாம்பு இருக்கும் என்று தெரிந்தேதான் கையை விடுகிறார்கள். சதையைத் தின்றபின் கொட்டையை அவித்துக் காயவைக்க வேண்டும். தாமதித்தால் முளைத்துவிடும், எண்ணெயில் அமிலம் ஏறி மதிப்புக் குறையும். ஓடு நீக்கிய பருப்பை நொறுக்கி, வறுத்து, மில்லில் அரைத்தால் பழுப்புக் கூழ் கிடைக்கும்.

அதன்பின் நடப்பதுதான் கைத்திறன். கூழில் நீர் விட்டு, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடித்துப் பிசைகிறார்கள். எப்போது வெந்நீர், எப்போது தண்ணீர், எவ்வளவு என்பதை விரல் சொல்கிறது. அளக்கும் கருவி எதுவும் இல்லை. பழுப்பு மெல்ல வெளுத்து, தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்வது போலக் கொழுப்பு மேலே மிதந்து வரும். அதை வழித்துப் பலமுறை கழுவி, கசடு அடியில் தங்கும்வரை காய்ச்சி, தெளிந்த எண்ணெயை இறுத்து ஆறவைக்கிறார்கள். விறகும் நீரும் ஏராளமாகச் செலவாகின்றன. கழிவாகும் கறுப்புப் பிண்ணாக்கைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள்.

2000-இல் ஐரோப்பிய ஒன்றியம் சாக்லெட்டில் 5 சதவீதம் வரை கொக்கோ வெண்ணெய் அல்லாத ஆறு தாவரக் கொழுப்புகளை அனுமதித்தது. ஷியா அவற்றில் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியாகும் ஷியாவில் பெரும்பகுதி உணவுத் தொழிலுக்கே போகிறது. அழகுப் பொருள்களுக்குப் போவது சிறு பங்கு. ஏற்றுமதியாவதில் நிறைய, வெண்ணெயாகாமல் வெறும் பருப்பாகவே மூட்டை கட்டப்படுகிறது. காரணம் எளிது. பழம் உதிரும் மாதங்கள்தான் பழைய தானியம் தீர்ந்து புது விளைச்சல் வராத மாதங்கள். அடுப்பில் உலை வைக்க வேண்டியவர், வெண்ணெய்க்கு நல்ல விலை வரும்வரை பருப்பை எப்படிக் காத்து வைப்பார்?

எங்கள் கேள்வித்தாள் வருமானத்தையும் விறகுச் செலவையும் கேட்டது. பதில்களை எல்லாம் சொல்லிமுடித்த ஒரு மூத்த பெண்மணி, மொழிபெயர்த்த மாணவியிடம் திரும்பிக் கேட்டார்: “மகளே, மரத்தை வெட்டும்போது யாரைக் கேட்கிறார்கள் என்று இதில் எழுதியிருக்கிறதா?” எழுதியிருக்கவில்லை. பொறுக்குவது பெண்கள், நிலம் பெரும்பாலும் கணவர் குடும்பத்தின் கையில். கரிக்காக ஒரு மரம் சாய்க்கப்பட்டால் போவது பொறுக்கும் பெண்ணின் வருமானம், முடிவெடுப்பதோ வேறொருவர். தரிசாகப் போட்டுவைக்கும் ஆண்டுகள் குறைந்து, டிராக்டர் அடிக்கடி ஓடுவதால் தானாக முளைக்கும் கன்றுகளும் மிஞ்சுவதில்லை.

கூட்டுறவு, தரச்சான்று, கூடுதல் விலை எல்லாம் தேவைதான். ஆனால் இருபது ஆண்டு காத்திருந்து காய்க்கும் மரத்தை அதன் பலனுக்கு உரியவரே காப்பாற்றுவார். ஆகவே என் ஆய்வறிக்கையின் முதல் பரிந்துரை விலையைப் பற்றியதல்ல: ஊர்த் தலைவர் நிலம் ஒதுக்கும்போதே எந்த மரத்தில் எந்தப் பெண் பொறுக்குகிறார் என்பதும் சபையில் பதிவாக வேண்டும், அவர் சம்மதமின்றி அந்த மரத்தில் கோடரி விழக்கூடாது.