பள்ளிவாசல் சர்க்கரை

எக்காலத்துக்கும் பிடித்த திரைப்படங்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலோர் வசூலையும் விருதுகளையும் எண்ணிப் பார்ப்பர். வாழ்நாளை எவ்வாறு கழித்தோம் என்பதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டிய நமக்கு அந்த அளவுகோல் போதாது. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தால், அது நம் உள்ளத்தில் எதை விட்டுச் சென்றது என்று பார்ப்பதே முறை. அவ்வாறு பார்க்கையில் என்னிடம் எஞ்சுபவை மூன்று படங்கள். மூன்றையும் இணைப்பது அமானிதம் என்னும் ஒரே சொல்.

முதலாவது, ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997). தங்கையின் காலணியைத் தைத்து எடுத்துவரும் சிறுவன் அலி, காய்கறிக் கடையில் அதைத் தொலைத்துவிடுகிறான். வேறு வாங்க வீட்டில் வசதியில்லை. ஆகவே அவனுடைய ஒரே சோடிக் காலணியைத் தங்கை காலையிலும் அவன் பிற்பகலிலும் அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். பலரும் இறுதி ஓட்டப்பந்தயத்தையே நினைவுகூர்வர். என்னைத் தடுத்து நிறுத்துவது வேறொரு காட்சி. தந்தை வீட்டில் அமர்ந்து பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். தேநீர் தந்த மகளிடம் சர்க்கரை கேட்கிறார். முன்னால் இவ்வளவு இருக்கிறதே என்கிறாள் சிறுமி. இது பள்ளிவாசலுக்குரியது, நம்முடையதன்று என்கிறார் தந்தை. வாடகை பாக்கி நிற்கும் வீட்டில் சொல்லப்பட்ட சொல் அது!

அந்தச் சொல்லைப் பிள்ளைகளும் வாழ்ந்து காட்டுகிறார்கள். தொலைந்த காலணியை இன்னொரு சிறுமியின் காலில் கண்டு பின்தொடர்கிறார்கள். அவளுடைய தந்தை பார்வையற்றவர் என்று கண்டதும் எதையும் கேட்காமல் திரும்புகிறார்கள்.

இரண்டாவது, அப்பாஸ் கியாரஸ்தமியின் ‘வேர் இஸ் தி ஃபிரண்ட்ஸ் ஹோம்’ (1987). வகுப்புத் தோழனின் குறிப்பேடு தவறுதலாக அகமதிடம் வந்துவிடுகிறது. குறிப்பேட்டில் எழுதாமல் மறுநாள் வந்தால் தோழன் பள்ளியை விட்டு நீக்கப்படுவான். அடுத்த ஊர் வரை ஓடியும் வீடு கிடைக்கவில்லை. இரவில் தோழனுக்குரிய பாடத்தையும் அகமதே எழுதி முடிக்கிறான்.

மூன்றாவது, முஸ்தஃபா அக்காதின் ‘தி மெசேஜ்’ (1976). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் இப்படத்தில் அவர்களின் உருவம் காட்டப்படுவதில்லை, குரலும் ஒலிப்பதில்லை. இப்படம் குறித்து மாற்றுக் கருத்துடையோர் உண்டு. எனினும், கையில் கேமரா இருந்தும் எல்லையைத் தாண்டாத அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

எங்கள் மஹல்லாவின் பள்ளிவாசல் கட்டட நிதிக் கணக்கு சில ஆண்டுகளாக என் பொறுப்பில் உள்ளது. மாதக் கடைசியில் என் பணப்பை மெலிந்திருக்கும், நிதிப்பெட்டி கனத்திருக்கும். நான்கு நாளில் திருப்பி வைத்துவிடலாமே என்று மனம் மெல்லக் கேட்கும். அப்போது அந்த ஏழைத் தந்தையின் முன் குவிந்திருந்த வெள்ளைச் சர்க்கரை என் கண்முன் வரும். பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்துவிடுவேன்.

உங்கள் பிள்ளைகளும் ஒருநாள் உங்களிடம் இத்தகைய பட்டியலைக் கேட்பார்கள். பெயர்களை அடுக்கும் முன், எந்தப் படம் தனிமையில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியது என்று எண்ணிப் பாருங்கள். அதை முதலில் சொல்லுங்கள்.