புகையானுக்கு யோசனை சொல்கிற போன்

1800 180 1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எந்த விவசாயியும் காசில்லாமல் கூப்பிடலாம். 2004 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய உழவர் அழைப்பு மையம். காரைக்குடிப் பக்கத்துச் சேரிகளில் இந்த எண்ணை எழுதிக் கொடுத்துக்கொண்டே போகிறோம்.

இதைக் குறை சொல்ல மனமில்லை. முன்பெல்லாம் பயிரில் பூச்சி விழுந்தால் நம் ஆட்கள் நிலக்காரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் உரக்கடையில் எடுத்துக் கொடுக்கிற டப்பாவைக் கடனுக்கு வாங்கி வர வேண்டும். போனில் பேசுகிறவர் மாவட்டம் கேட்பார், பயிர் கேட்பார். எந்தத் தெரு என்று கேட்க மாட்டார். "சொல்லுங்கய்யா" என்றுதான் ஆரம்பிப்பார். எங்கள் பெரியவர் ஒருவருக்கு மருந்தின் பெயர் மறந்துவிட்டது, அந்த "அய்யா" மட்டும் மறக்கவில்லை.

சிக்கல் பதில் கிடைத்த பிறகுதான். நெல்லில் புகையான் விழுந்தால் வயலில் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள், காய்ந்ததும் மறுபடி பாய்ச்சுங்கள் என்பார்கள். சரியான யோசனை. ஆனால் இது வானம் பார்த்த சிவகங்கைச் சீமை. கண்மாய்த் தண்ணீர்தான் கதி. மடையை ஒட்டிய வயல்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்களுடையவை, நம் துண்டு நிலம் கடைமடையில். வடித்த தண்ணீர் திரும்ப வருமா என்பதை மடை திறக்கிறவர் முடிவு செய்கிறார். அதற்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது?

2018-இல் தமிழக அரசின் உழவன் செயலி வந்தது. மழை நிலவரம், உர இருப்பு, சந்தை விலை எல்லாம் காட்டும். மானியம் என்று போனால் சிட்டா வேண்டும். வாய்ப்பேச்சில் வாரத்துக்கு உழுகிறவரிடம் சிட்டா ஏது? பி.எம். கிசான் தருகிற வருஷம் 6,000 ரூபாயும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். (1892-இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இப்போது யார் பேரில் என்பது தனிக்கதை.) களையெடுக்கிற அம்மாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வீட்டின் ஒரே நல்ல போன் மகனோடு திருப்பூரில் இருக்கும்.

ஊருக்குள் போகும் மாணவத் தோழர்களே, செயலியை இறக்கிக் கொடுத்து, படம் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். யார் நிலம், எத்தனை வருஷமாக உழுகிறார்கள், வாரம் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஒருவர் மட்டும் மனு கொடுத்தால் "அடுத்த வருஷம் நிலம் கிடையாது" என்பார்கள். தெருவே சேர்ந்து ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.