மிச்சம்

எங்கள் வீட்டுத் தொட்டியில் எட்டு டைகர் பார்ப் மீன்களும் மூன்று கெளுத்திகளும் இருந்தன. குழம்புக்கு வாங்குகிற கெளுத்தி அல்ல. விரல் நீளங்கூட இல்லாத, வெண்கல நிறத்தில் மினுங்குகிற தென்னமெரிக்கக் கெளுத்தி. கொரிடோரஸ் என்று விற்கிறார்கள். (2024இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு இந்த இனத்தை ஆஸ்டியோகாஸ்டர் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டது. கடைகளில் யாரும் இதற்காகப் பெயரட்டையை மாற்றியதாகத் தெரியவில்லை.) கொளத்தூரில் ஒரு கடையில் பார்ப் மீன்களை வாங்கிவிட்டுக் கிளம்பும்போது, “மூணு கோரி சேர்த்துப் போட்டுக்குங்க சார். அடியில விழுறதத் தின்னு தொட்டிய சுத்தமா வச்சிக்கும். தனியாத் தீனியே வேணாம்” என்றார் கடைக்காரர். தீனி வேண்டாத வேலைக்காரர்கள்! மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன்.

அந்த வருடந்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆறு மாதம் திருச்சியில் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் சென்னையில் என் வீட்டில் என்று ஏற்பாடாயிற்று. வலது கை சரியாக விளங்கவில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, இடையில் நீண்ட இடைவெளிகளுடன். பகல் முழுக்கத் தொட்டிக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருப்பார். தொலைக்காட்சியின் வேகம் அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை நான் தீனியைத் தூவிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “கீழ கெடக்குறதுகளுக்கு... ஒண்ணும் போகலியேடா.”

“அது மிச்சத்தத் தின்னுக்கும்பா.”

நான் செருப்பை மாட்டி முடித்தபிறகுதான் அவருடைய பதில் வந்தது. “மிச்சம்... எங்கடா இருக்கு?”

நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு கெளுத்தி மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. கையில் எடுத்தபோதுதான் அதன் வயிற்றைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் குழி விழுந்து, முதுகோடு ஒட்டியிருந்தது. நோயில்லை, பட்டினி. தினம் இருவேளை தீனி போடப்பட்ட தொட்டியில், என் கண்ணெதிரே.

மீன் வளர்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு மீன் எங்கே உண்ணும் என்பதை அதன் வாயே பெரும்பாலும் சொல்லிவிடும். மேல்மட்டத்தில் இரை பொறுக்கும் மீனுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும்; நடுவில் திரிவதற்கு நேராக. இந்தக் கெளுத்திக்கோ முகத்தின் அடிப்புறத்தில் திறக்கிறது. வாயைச் சுற்றிலும் சிறு மீசைகள். அவற்றில் சுவை மொட்டுகள் உண்டு. இரையைக் கண்ணால் பார்த்துப் பாய்வதைவிட, மணலை மோந்தும் மீசையால் தடவியும் தேடிக் கண்டடைவதே அதன் வழக்கம். வாய் நிறைய மணலை எடுத்து, உண்ணத்தக்கதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே வெளியேற்றும். ஒரு துணுக்கு அருகிலேயே கிடந்தாலும் அதைச் சுற்றி நாலு முறை உலாவிவிட்டுத்தான் கண்டுபிடிக்கும். அதுவரை டைகர் பார்ப் காத்திருக்குமா? நான் தூவிய செதில் தீனி நீரின் மேல்மட்டத்தைத் தாண்டியதே இல்லை. அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

‘சுத்தம் செய்யும் மீன்’ என்பது வியாபாரிகள் கட்டிய கதை என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மீன் கழிவைத் தின்று வாழ்வதில்லை. கெளுத்திக்குப் புழு, பூச்சி போன்ற புரத உணவு வேண்டும்.

தெரிந்துகொண்டபின் நான் செய்தது அதைவிட மோசம். மேலே நிறையப் போட்டால் கீழேயும் கொஞ்சம் வந்துசேரும் என்று கணக்கிட்டுத் தீனியை இரட்டிப்பாக்கினேன். பார்ப்கள் கொழுத்தன. செடிகளின் இடுக்கில் சிக்கியது அழுகி, நீர் பால்போலக் கலங்கி, அம்மோனியா ஏறியது. ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்ற நேர்ந்தது. அடுத்து, மூழ்கும் வில்லைகள் வாங்கினேன். முதலில் வாங்கியது பாசி வில்லை. சக்கர் மீனுக்கு உரியது. பிறகு சரியானதை வாங்கிப் போட்டால், பார்ப்கள் அதைத் துரத்திக்கொண்டு தரைவரைக்கும் வந்து, கால்பந்தைப்போல முட்டி உருட்டிக்கொண்டு போயின. கெளுத்திகள் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. அவற்றுக்குச் சண்டை போடத் தெரியாது.

இங்கே வேறொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் பத்து நிமிடத்தில் எழுந்து கை கழுவிவிடுவோம். குழம்புச் சட்டி உள்ளே போய்விடும். மோர் வேண்டும் என்று அவர் சொல்லி முடிக்கும்போது, கேட்பதற்கு மேசையில் யாரும் இருக்கமாட்டார்கள். இதை அந்த நாட்களிலேயே நான் கவனித்தேன் என்று எழுதினால் அது பொய்.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். அவருக்கு இரவில் தூக்கம் குறைவு. விளக்கை அணைத்து அரைமணி நேரமானால் பார்ப்கள் செடியோரமாக அசைவற்று நின்றுவிடுகின்றன, கெளுத்திகள் தைரியமாக வெளியே வருகின்றன என்பதைத் தெருவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில் பார்த்து வைத்திருந்தார். “ராத்திரி போடு” என்றார். ஒரு கொட்டாங்கச்சியை வேகவைத்துக் கழுவி, கெளுத்தி நுழையும் அளவுக்கு விளிம்பில் வெட்டி, மணலில் கவிழ்த்து வைத்தேன். அதன் கண்வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கினேன். குழாயின் மேல்வாயில் வில்லையைப் போட்டால் நேரே ஓட்டுக்குள் விழும். பாதி வில்லை போதும். காலையில் மிச்சம் இருந்தால் டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

வில்லை போடுவதை அப்பா எடுத்துக்கொண்டார். நடுங்கும் இடது கையால் அதைக் குழாய்க்குள் போட அவருக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். நான் உதவப் போனபோது முறைத்தார். முதல் இரவு, இரண்டு கெளுத்திகளும் ஓட்டை மூன்று முறை சுற்றிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. அப்பா நாற்காலியை விட்டு எழவேயில்லை.

அவை கூட்டமாக வாழ்பவை என்று படித்து, பின்னர் நான்கு சேர்த்தேன். இப்போது ஆறும் நன்றாக இருக்கின்றன. மீசை தேயாமல், வயிறு உருண்டு. அவ்வப்போது ஒன்று அம்புபோல மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பும். அதன் குடல் காற்றிலிருந்தும் உயிர்வளி எடுக்கும்.

இது அப்பா திருச்சியில் இருக்கும் ஆறு மாதம். இரவு பத்து மணிக்கு அண்ணன் போனைப் போட்டு அவரிடம் கொடுப்பான். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். நான் காத்திருப்பேன்.

“கீழ... போட்டாச்சா?”

“போட்டாச்சுப்பா” என்பேன். சில நாட்களில், சொன்னபிறகுதான் எழுந்துபோய் விளக்கை அணைக்கிறேன்.