நவாலியில் ஒரு நத்தார்

மார்கழி மாதம் யாழ்ப்பாணத்தில் இருவகை மணியோசைகளின் மாதமாகும். ஒருபுறம் பிள்ளையார் கோயில்களிலே பெருங்கதைப் படிப்பு நிகழும்; மறுபுறம் தேவாலயங்களிலே நத்தாருக்கான ஆயத்தங்கள் நடைபெறும். இரண்டையும் ஒரே நாளிற் கேட்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டிலே நத்தார் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவ்வாண்டு சனியும் ஞாயிறுமாகிய இரு நாட்களை நாம் குடும்பத்துடன் நவாலியிலே கழித்தோம்.

எம்மை அழைத்தவர் எமது கல்லூரித் தோழர், கத்தோலிக்கர், கனடாவிற் குடியேறிப் பல்லாண்டுகள் ஆயின. மனைவி மக்களுடன் பதினொரு ஆண்டுகளின் பின் தாயாரைப் பார்க்க வந்திருந்தார். தொலைபேசியில் அவர் கூறியது இதுதான்: "மச்சான், குடும்பத்தோடை வா. அம்மாவோடை ஒரு விஷயம் கதைக்கவேணும். நீ சொன்னால்தான் அவ கேட்பா."

விஷயம் இன்னதென்று எமக்குத் தெரியும். எழுபத்தெட்டு வயதுத் தாயாரைத் தம்மோடு கனடாவுக்கு அழைத்துச் செல்ல அவர் விரும்பினார். அம்மையாரோ ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுவார்.

சனிக்கிழமை விடியற்காலையிலே கரவெட்டியிலிருந்து புறப்பட்டோம். தாழமுக்கம் ஒன்று இலங்கையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. வல்லை வெளியைக் கடக்கையிற் காற்று பஸ்வண்டியை ஒருபுறமாகத் தள்ளிற்று. மகள் எமது கையை இறுகப் பற்றிக்கொண்டாள். மகனோ யன்னலைத் திறக்கவேண்டுமென்று அடம்பிடித்தான். யாழ்ப்பாணத்தில் இறங்கி, மானிப்பாய் பஸ்ஸில் ஏறினோம். வழியிலே ஆனைக்கோட்டை வருகிறது. 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் இங்கு நடாத்திய அகழ்வில், பிராமி எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரையொன்று பெருங்கற்காலப் புதைகுழியிலிருந்து கிடைத்தது. மாணவர்கள் பாடநூலிற் படித்த இடத்தை ஒருமுறை நேரிற் காண்பது நன்று.

எமது இல்லத்தரசியார் பெருங்கதை விரதம் அனுட்டிப்பவர். இருபத்தொரு நாட்களுள் பாதிக்கு மேல் கழிந்திருந்தன. ஆகையால் முதலில் மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரிடம் சென்றோம். ஈரச் சேலைகளுடன் பெண்கள் மண்டபத்திலே நிறைந்திருக்க, சுன்னாகம் வரதபண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதை படிக்கப்பட்டது. பூசை முடிந்தபின், கைமணிக்கட்டில் இருபத்தொரு இழைக் காப்புடன் அவர் எம்மோடு நத்தார் வீட்டுக்குப் புறப்பட்டார். பெற்றோல் பங்கீட்டுக் காலமாதலால் ஓட்டோக்காரர் முதலில் தயங்கினார், "நத்தாருக்குப் போறியளோ? ஏறுங்கோ" என்று பின்னர் இசைந்தார்.

நவாலி வயலும் பனையும் சூழ்ந்த ஊர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிறந்த மண். வலிகாமத்தை ஊடறுத்து வரும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஆறாகும். அன்று இருகரையும் தொட்டுக் கலங்கலாய் ஓடிற்று. படலையிலே அம்மையார் குடை பிடித்தபடி காத்துநின்றார்.

"வாங்கோ பிள்ளையள். மழையோடை வந்திட்டியள். பிள்ளைக்கு விரதமெல்லே? புதுப் பானையிலை புறம்பாய்ச் சமைச்சு வைச்சிருக்கிறன்."

அந்தப் புதுப்பானைக்கு ஒரு வரலாறு உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, இவ்வம்மையார் இரு மைந்தருடனும் ஒரு துணிமூட்டையுடனும் எமது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எமக்கு அப்போது பதினெட்டு வயது. அவ்வாண்டு நத்தாரும் பெருங்கதைக் காலத்திலேயே வந்தது. மரக்கறியன்றி வேறெதுவும் வேகாத எமது வீட்டிலே, எமது தாயார் மாட்டுக்கொட்டிலின் ஒரு மூலையைச் சாணமிட்டு மெழுகி, வைக்கோல் பரப்பி, "உங்கடை பாலன் பிறந்ததும் கொட்டிலிலை தானே, இதிலை வைச்சுக் கும்பிடுங்கோ" என்றார். அன்றிலிருந்து நாம் இவ்வீட்டுக்கு வரும்போதெல்லாம் எமக்கெனப் புதுப்பானை ஏறும். எமது தாயார் இன்று இல்லை. பானை மட்டும் தவறவில்லை.

வீடு நிறைந்திருந்தது. இளவாலையிலிருந்தும் குருநகரிலிருந்தும் மன்னாரிலிருந்தும் உறவினர் வந்திருந்தனர். ஒருபுறம் பயற்றம் பணியாரமும் கொக்கிஸும் பொரிந்தன. அவ்வாண்டு செப்தெம்பரிலே பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்திருந்ததை வாசகர்கள் மறந்திரார். முட்டையும் பட்டரும் விற்ற விலையில், கேக் வழமையிற் பாதியளவாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் அயல்வீடுகளுக்கு அனுப்பும் தட்டங்கள் குறையவில்லை, துண்டுகளே சிறுத்தன. கனடாப் பிள்ளைகளும் எமது பிள்ளைகளும் முற்றத்து மணலும் கல்லும் சுமந்து பாலன்குடில் கட்டினர். ஒருவர் தமிழ் மற்றவருக்கு அரைகுறையாகவே விளங்கிற்று. எனினும், குடிலுக்குள் மாடு எப்பக்கம் நிற்பதென்ற வழக்கிலே நால்வரும் சரளமாகச் சண்டையிட்டனர்.

நள்ளிரவை அண்மித்துப் புனித பேதுருவானவர் தேவாலயத்துக்குச் சென்றோம். வாயிலிலே காவலர் பைகளைப் பரிசோதித்தனர். "கோயிலுக்குள்ளை ஏன் அப்பா பையைப் பார்க்கினம்?" என்று மகள் வினவினாள். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மூன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னோம்.

நத்தார் இரவிலே அஞ்சி வழிபடுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளார் மறைந்து வாழ்ந்தே தொண்டாற்றினார். சில்லாலை மக்கள் அவரைக் காத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு நத்தார் இரவு, வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்து சிறைப்பிடித்தனர், அடிகளாரோ அகப்படவில்லை. 2015 சனவரியில் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

திருப்பலியின்போது நாம் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். கரோல் கீதங்களின் மெட்டு எமது பிள்ளைகளுக்கும் பழக்கமாதலால் அவர்களும் சேர்ந்து பாடினர். பாலன் சொரூபத்தைக் குடிலில் வைத்தபோது மணிகள் ஒலித்தன. வெளியே மழை கொட்டிற்று. எம் பக்கத்திலிருந்த அம்மையார் கண்களை மூடியிருந்தார்.

ஞாயிறு காலை வருகையாளர் வந்தவண்ணமிருந்தனர். ஒரு வீட்டிலிருந்து மறுவீடு. ஒவ்வொரு வீட்டிலும் தேநீர், கேக், பழைய கதை. மதியம் ஏறத்தாழ நாற்பது பேர் வாழையிலையில் உண்டனர். எமது இல்லத்தரசியாருக்கு மட்டும் புதுப்பானைச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் தனியே படைக்கப்பட்டன. அவர் அருந்தும்வரை அம்மையார் உண்ணவில்லை.

பிற்பகலில் தோழர் எம்மை மாமரத்தடிக்கு அழைத்துச் சென்றார். "இண்டைக்குக் கதைச்சிடு மச்சான். முழங்காலும் ஏலாது. இரவிலை விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. பேசுவதாக நாம் வாக்களித்தோம்.

மழை சிறிது ஓய்ந்தது. அம்மையார் மெழுகுதிரிப் பெட்டியொன்றை எடுத்துக்கொண்டு, "தம்பி, கோயிலடிக்கு ஒருக்கா வாறியே?" என்று கேட்டார். பேசுவதற்கு இதுவே தருணம் என எண்ணி உடன் சென்றோம். தோழரும் சில அடி பின்னால் வந்தார்.

1995 யூலை 9ஆம் திகதி, போருக்கு அஞ்சி ஓடிவந்த வலிகாம மக்கள் பல்லாயிரவர் நவாலியிலே தங்கினர். அன்று மாலை நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் புனித பேதுருவானவர் தேவாலயச் சூழலிலும் அயலிலுள்ள சின்னக்கதிர்காம முருகன் ஆலயச் சூழலிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற எமது தோழரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

நினைவுச்சின்னத்தின் முன் அம்மையார் முதலில் ஒரு திரியை ஏற்றினார், அது கணவருக்கு. பின்னர் இன்னொன்று, மற்றொன்றாக ஏற்றிக்கொண்டே சென்றார். காற்று அணைப்பதும் அவர் மீண்டும் ஏற்றுவதுமாக இருந்தது.

"இது ஆருக்கு அம்மா?" என்று கேட்டோம்.

"பேர் தெரியாது தம்பி. கைக்குழந்தையோடை வந்த ஒரு பிள்ளை, நெற்றியிலை திருநீறு. என்னட்டைத்தான் தண்ணி வாங்கிக் குடிச்சவ. அவவின்ரை ஆக்கள் எங்கை இருக்கினமோ, இருக்கினமோ இல்லையோ. அவைக்கு ஆர் வந்து கொளுத்திறது?"

அவ்வளவே. வேறெதுவும் அவர் சொல்லவில்லை. கனடாவைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நாம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த நியாயங்கள் யாவும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. மாணவர்க்கு நாள்தோறும் போதிக்கும் நாம் அன்று வாய்பேசாது, காற்றுப் படாமற் குடையைச் சரித்துப் பிடித்தோம். தோழர் பின்னாலிருந்து வந்து தாயாரின் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கினார். எஞ்சிய திரிகளை அவரே ஏற்றினார்.

வீடு திரும்பும் வழியில் அவர் நெடுநேரம் பேசவில்லை. படலையை அண்மித்தபோது, "மச்சான், குசினிப் பக்கம் ஒழுகுது. ஓடு மாத்த நல்ல மேசன் ஆரும் இருக்கினமோ? குளியலறைக்கும் பிடிச்சு நடக்கக் கம்பி போடவேணும்" என்றார். இருக்கிறார் என்றோம். இரவிலே துணையிருக்க அயலிலுள்ள ஒரு பெண்ணை ஒழுங்குசெய்வது பற்றியும் பேசினோம். அம்மையார் இவற்றைக் கேளாதவர்போல் முன்னே நடந்தார்.

மாலை பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டோம். வாக்களித்ததைச் செய்யவில்லையே என்ற குறை எமக்கு இருந்தது. தோழர் அதனைப் பற்றிக் கேட்கவுமில்லை. அம்மையார் பயற்றம் பணியாரப் பொதியொன்றை எமது இல்லத்தரசியாரிடம் கொடுத்து, "பெருங்கதை முடிஞ்சாப் பிறகு சாப்பிடு பிள்ளை. முட்டை சேர்க்கேல்லை" என்றார்.

வல்லை வெளியிலே மீண்டும் காற்று. பிள்ளைகள் எம் மடியில் உறங்கிவிட்டனர். அருகிலிருந்த இல்லத்தரசியார் பொதி நனையாதபடி சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "வாற வருஷமும் போகவேணும்" என்றார்.