ஜோர்ஜ் எலியற் கண்ட அறம்

ஆங்கில நாவலாசிரியருள் என் உள்ளத்தை மிகுதியும் ஆட்கொண்டவர் யாரென வினவின், ஜோர்ஜ் எலியற் என்றே விடை கூறுவேன். ஆண்பெயராய் ஒலிப்பினும், அது மேரி ஆன் எவன்ஸ் என்னும் பெண்மணி தமக்குப் புனைந்துகொண்ட பெயராகும். விக்டோரியா அரசியார் பிறந்த அதே 1819 ஆம் ஆண்டில், வோரிக்ஷயர்ப் பகுதியில், பெருநிலக்கிழார் ஒருவரின் நிலங்களை மேற்பார்வை செய்துவந்த றொபேட் எவன்ஸ் என்பாரின் மகளாக இவர் தோன்றினார்.

பரந்த கல்வியின் பயனாக மரபுவழிச் சமயநம்பிக்கை தளரவே, 1842 இல் தேவாலயஞ் செல்ல மறுத்தார். தந்தையார் கடுஞ்சினங் கொண்டார். சில மாதங்களின் பின், வழிபாட்டுக்குத் தந்தையுடன் செல்வதெனவும், எண்ணத்தில் தம் வழியே நிற்பதெனவும் மகள் இசைந்தார். கொள்கையையும் அவர் கைவிடவில்லை, தந்தையையுங் கைவிடவில்லை. 1849 இல் அவர் உயிர்நீக்கும்வரை அருகிருந்து பணிவிடை செய்தார்.

இதனினுங் கொடிய சோதனை பின்னர் வந்தது. அன்றைய சட்டத்தின்படி மணவிலக்குப் பெற இயலாதிருந்த ஜோர்ஜ் ஹென்றி லூயிஸ் என்னும் எழுத்தாளருடன், 1854 முதல் இவர் இல்லறம் நடத்தினார். 1857 இல் அதனை அறிந்த தமையன் ஐசக், தங்கையுடன் தொடர்பை அறவே முறித்துக்கொண்டார். மூன்றாண்டுகளின் பின் 'த மில் ஒன் த புளொஸ்' வெளிவந்தது. அதில் வரும் மாகியும் அவள் தமையன் ரொம்மும் ஆசிரியரையும் ஐசக்கையும் பெரிதும் ஒத்தவர்கள் என்பர் ஆய்வாளர். ரொம்மைக் கொடியவனாகத் தீட்டிப் பழிதீர்த்திருக்கலாம். அவரோ தந்தையின் கடனைத் தீர்க்க அல்லும் பகலும் உழைக்கும் நேர்மையாளனாகவே அவனைப் படைத்தார். அவன் நெஞ்சின் குறுகலை மறைத்தாருமில்லை. அவன் பட்ட பாட்டை மறந்தாருமில்லை.

1871 முதல் 1872 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'மிடில்மார்ச்' நாவலில் நான் மீண்டும் மீண்டும் நாடும் இடம் ஒன்றுண்டு. பக்திமான் எனப் பெயரெடுத்த வங்கியாளர் புல்ஸ்ரோட்டின் பழைய வஞ்சனை ஊரறிய வெளிப்படுகிறது. செய்தி அறிந்த மனைவி, தன் அறையிற் புகுந்து தனித்து அழுகிறாள். பின் அணிகலன்களைக் களைந்து, எளிய கருநிற ஆடை உடுத்து, கணவன் அருகே வந்தமர்கிறாள். குற்றம் யாதென அவள் விசாரிக்கவில்லை. அது குற்றமன்றென வாதிடவுமில்லை. இருவரும் சேர்ந்து அழுகின்றனர். செய்த வினையின் பயனிலிருந்து ஆசிரியர் அவனைத் தப்பவிடவில்லை. ஆயினும் தனியே சுமக்குமாறு விட்டுவிடவுமில்லை. பிறர் நெஞ்சறிதல் வேறு, பிழையை ஒப்புதல் வேறு என்பதை இதனினுந் தெளிவாக எந்த நீதிநூலும் எனக்கு உணர்த்தியதில்லை.

லூயிஸ் 1878 இல் மறைந்தார். 1880 மே மாதத்தில் அம்மையார் ஜோன் குறொஸ் என்பாரை முறைப்படி மணந்தபோது, இருபத்து மூன்றாண்டு மௌனத்தைக் கலைத்து ஐசக் வாழ்த்துமடல் வரைந்தார். சட்டப்படியான மணம் ஒன்றே அவர் மனக்கதவைத் திறந்தது. தங்கையோ கடந்ததைச் சுட்டாது அன்புடன் மறுமொழி எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 22 ஆம் நாள் அவர் காலமாக, இறுதிச் சடங்கில் ஐசக்கும் வந்து நின்றார்.

ஒருவரை ஒறுக்க ஒரு நாள் போதும்; அறிவதற்கு ஆயுளும் போதாது. மாணவ நண்பர்காள்! நாவல் படித்தல் வீண்பொழுதென்பார் உளராயின், இவ்வம்மையாரின் நூலொன்றை அவர்க்கு அளியுங்கள்.