ஊதுகுழல்

அம்மாவை நுரையீரல் சோதனைக்கு அழைத்துச் சென்ற காலையில், பிள்ளைகள் மூவருக்குமே அது எப்படி நடக்கும் என்று தெரியாது. ஊசி உண்டா என்று அம்மா கேட்டாள். வயிறு முட்ட உண்ண வேண்டாம், இறுக்கமான உடை வேண்டாம் என்பதை மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம்.

ஸ்பைரோமெட்ரியில் ஊசியில்லை. மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயில் குழாயைப் பொருத்துகிறார்கள். நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஒரே வீச்சில் ஊதி, இனி ஒன்றுமில்லை என்று தோன்றிய பின்னும் ஊதவேண்டும். லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846இல் தம் கருவியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதச்செய்து பெற்ற அளவுகளை வெளியிட்டார். அவர் அளந்தது மொத்தக் காற்றை. முதல் நொடியில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதே முக்கியம் என்று தெளிய இன்னும் நூறாண்டு ஆயிற்று.

"ஊதறதுதானே" என்றாள் அம்மா. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் ஊதுகுழலோடு அமர்ந்தவள். ஆயினும் முதலிரண்டு முறையும் கருவி ஏற்கவில்லை. சாம்பல் பறக்காமல், கன்னம் உப்ப, நிதானமாக ஊதியே அவளுக்குப் பழக்கம். "மெதுவா வேண்டாம்மா, வேகமா, விடாம, விடாம" என்று சோதிப்பவர் குரலெழுப்பினார். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் ஊதல்கள் கிடைக்கும்வரை விடமாட்டார்கள். ஐந்தாம் முறை தலைசுற்றி நாற்காலியைப் பற்றிக்கொண்டாள். பின்னர் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை இழுக்கச்செய்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும்.

ஊதும் காற்றில் 70 விழுக்காடாவது முதல் நொடியிலேயே வெளிவர வேண்டுமாம். மருந்துக்குப் பின்னும் அம்மாவுக்கு 58. வீட்டில் யாரேனும் புகைப்பதுண்டா என்று மருத்துவர் கேட்டார். இல்லையென்றோம். "விறகடுப்பா?" என்றார். அம்மா தலையசைத்தாள்.

புகை மண்டும்போது நாங்கள் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவிடுவோம். எங்கள் பள்ளிக்கூடச் சோற்றுக்காக அவள் உள்ளேயே இருந்தாள். பிற்காலத்தில் அவள் படியேறி நின்று மூச்சு வாங்கியதை வயது என்று ஒதுக்கியவர்களும் நாங்களே. இழந்ததை இச்சோதனை மீட்டுத் தராது. எஞ்சியிருப்பதைக் காக்க வழிகாட்டும். அதற்குள் எத்தனை ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்.

திரும்பும் வழியில் அம்மா தயங்கிக் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம் பலமா ஊதியிருக்கலாமோ?"